ஆட்டுக்காகக் காலியான ஊர்

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து மனம் குளிர்ந்தது. முழங்கால் வலியைப் பற்றி மட்டும் நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த முறை மறைக்காமல் எழுது.

நான் இன்னும் இங்கிலாந்தில், லீட்ஸில் மகன் வீட்டில்தான் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை யார்க்‌ஷர் வோல்ட்ஸ் குன்றுகளுக்கு நடுவே உள்ள வார்ரம் பெர்சி என்ற பாழூருக்குப் போய்வந்தோம். அதிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை.

குடியானவர்கள் வாழ்ந்த இடம் இப்போது வெறும் புல்வெளி. உற்றுப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். நீளமான பள்ளம் தெரு, சதுர மேடு வீடு. மனிதர்களும் மாடுகளும் ஒரே கூரையின் கீழ் இருந்த நீண்ட வீடுகள். மாரிஸ் பெரஸ்ஃபோர்டு, ஜான் ஹர்ஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் தோண்டி இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தார்கள். தேவாலயத்து இடுகாட்டு எலும்புகளை ஆராய்ந்ததில், குழந்தைகளுக்கு ஏறக்குறைய ஒன்றரை வயது வரை தாய்ப்பால் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியவந்ததாம். அதைக் கேட்டதும் அந்தப் பெண்கள் எனக்கு நெருங்கியவர்களாகிவிட்டார்கள்.

அந்தப் பழைய ஊரின் கட்டடங்களில் இன்று நிற்பது புனித மார்ட்டின் தேவாலயம் மட்டும். அதன் கோபுரத்திலும் பாதி 1959இல் சரிந்துவிட்டது. ஊர் பெருகியபோது அதன் பக்கச் சுவரில் வளைவுகள் திறந்து இருபுறமும் கூடத்தை அகலப்படுத்தினார்கள். ஆட்கள் குறைந்ததும் அகலப்படுத்திய பகுதியை இடித்து, வளைவுகளைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அடைத்த வளைவின் விளிம்பு இன்றும் சுவரில் அப்படியே தெரிகிறது. வெகுநேரம் அதன் எதிரே நின்றிருந்தேன்.

கொள்ளைநோயில் அழிந்த ஊர் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1349இல் நோய் வந்து பலரைக் கொண்டுபோனது உண்மை. ஆனால் 1368இலும் சுமார் 30 வீடுகளில் ஆள் இருந்தது. நோய்க்குத் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகளும் இங்கேதான் உழுதார்கள். பிறகு கூலி ஏறியது, கம்பளிக்கு நல்ல விலை கிடைத்தது. பல ஏர் ஓடிய நிலத்தில் ஆடு மேய்த்தால் ஓர் இடையன் போதும் என்று நிலவுடைமைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். 1500ஐ ஒட்டி, இந்த ஊர் நிலத்துக்குச் சொந்தக்காரரான ஹில்டன் பிரபு கடைசி நான்கு குடும்பங்களையும் வெளியேற்றினார். இங்கிலாந்து முழுக்க இப்படிக் காலியான இடைக்காலச் சிற்றூர்கள் ஏறக்குறைய 3,000 உண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எல்லாவற்றையும் நோயின் தலையில் கட்டுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. நோயைப் பிடித்து யாரும் நியாயம் கேட்க முடியாது, ஹில்டனைக் கேட்டிருக்கலாம்.

மகன் எடுத்த படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான்காவது படத்தில் அந்தச் சுவர் இருக்கிறது. உன் மருமகன் கட்டடப் பொறியாளர் அல்லவா? பக்கக் கூடத்தை இடிக்கும்போது மேல்சுவர் சரியாமல் எப்படித் தாங்கியிருப்பார்கள் என்று அவரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
வசந்தா