எதிர்த் திசையில் விழுந்த ரீடுகள்

அன்புத் தோழி,

உன் கடிதத்துக்கு அன்றே பதில் எழுத நினைத்தேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், ஒரு வாரம் அதிலேயே போய்விட்டது. இப்போது தானே ஊசியில் நூல் கோத்துக்கொள்கிறாள்.

சரி, செல்களில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் உன் ஆர்என்ஏ தரவுக்கு வருகிறேன். டெக்சாமெத்தசோன் கொடுத்த செல்களில் எஃப்கேபிபி5 குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அந்த மருந்து பட்டால் உயர வேண்டிய மரபணு அது. செல்களைச் சந்தேகிக்கும் முன் குழுக்களின் பெயரைப் பார். "டிரீட்டட்", "அன்டிரீட்டட்" என்றுதானே வைத்திருக்கிறாய்? ஒப்பீட்டுக்கு எது அடிப்படை என்று நாம் சொல்லாவிட்டால், ஆங்கில அகர வரிசையில் முன்னால் வருவதை, குழுக்களை ஒப்பிடும் டெசெக்2 மென்பொருள் எடுத்துக்கொள்ளும். டி-க்குப் பிறகுதான் யு. அதனால் மருந்து கொடுத்த குழுவே அடிப்படையாகி, கூடியதெல்லாம் குறைந்ததாகத் தெரிகிறது. "ரீலெவல்" கட்டளையால் அடிப்படைக் குழுவை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டு. பி மதிப்பு அப்படியே இருக்கும், குறி மட்டும் திரும்பும்.

அடுத்தது இன்னும் பெரிய தலைவலி. ரீடுகள், அதாவது கருவி படித்துத் தந்த சின்ன வரிசைத் துண்டுகள், ஜீனோமில் நன்றாகப் பொருந்துகின்றன, ஆனால் அவற்றை மரபணுவாரியாக எண்ணும் ஃபீச்சர்கவுன்ட்ஸ் மென்பொருள் தருவது சொற்பம் என்கிறாய். இதே இடத்தில் நான் மூன்று நாள் தூங்காமல் கிடந்தேன். கடைசியில் ரீடுகளைப் படமாகக் காட்டும் ஐஜிவியில் திறந்து, டிஎன்ஏவின் இழைவாரியாக நிறம் போட்டுப் பார்த்தேன். முதல் ரீடுகள் எல்லாமே மரபணுவுக்கு எதிர்த் திசையில் கிடந்தன! டியுடிபி முறையில் தயாரித்த லைப்ரரி (கருவி படிப்பதற்கான டிஎன்ஏத் தொகுப்பு) அது. ஆர்என்ஏவை அச்சாக வைத்து முதல் டிஎன்ஏ இழையைக் கட்டியபின், இரண்டாம் இழையைக் கட்டும்போது தைமினுக்குப் பதில் யுராசிலைச் சேர்த்து, பிறகு அந்த இழையை அழித்துவிடுகிறார்கள். மிஞ்சும் முதல் இழை ஆர்என்ஏவுக்கு எதிரானது. நானோ ஃபீச்சர்கவுன்ட்ஸின் இழைத் தெரிவில் 1 (அதே திசை) கொடுத்திருந்தேன், 2 (எதிர்த் திசை) கொடுத்திருக்க வேண்டும்.

பயந்துபோய் 0 (திசை பார்க்காதே) வைத்துவிடாதே. எண்ணிக்கை வரும்தான், ஆனால் எதிரெதிர் இழைகளில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் மரபணுக்களின் ரீடுகள் எந்தப் பக்கமும் சேராமல் விழுந்துவிடும்.

ஊகிக்க வேண்டியதே இல்லை. ரீடுகளை ஜீனோமில் பொருத்தும் ஸ்டார் மென்பொருளை "ஜீன்கவுன்ட்ஸ்" தெரிவோடு ஓட்டினால் நான்கு நெடுவரிசையில் ஒரு கோப்பு வரும். மரபணு வரிகளை மட்டும் எடுத்து, மூன்றாவதையும் நான்காவதையும் தனித்தனியே கூட்டு. நான்காவது மிகப் பெரிதாக இருந்தால் 2, மூன்றாவது பெரிதென்றால் 1, இரண்டும் ஏறக்குறைய சமமென்றால் 0.

ஒரே ஒரு மாதிரியில் இதைச் செய்து, அந்த இரண்டு தொகையையும் எனக்கு எழுது. அப்புறம் மற்ற மாதிரிகளைத் தொடலாம். சின்னவளுக்கு ஜுரம் விட்டதா? அதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி