பேரனின் ஸ்டார் அட்டை

கண்ணு,

பேரன் படிக்கும் ஒவ்வொரு கதைக்கும் அட்டையில் ஒரு ஸ்டார் ஒட்டுகிறாய், அட்டை நிறைந்தால் சைக்கிள் என்று போனில் சொன்னாயே, அது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரும் சொல்லாமலே புத்தகத்தோடு மூலையில் உட்காருகிற பிள்ளை அவன். அவனுக்கு எதற்குக் கூலி?

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வைப் பள்ளியில் எத்தனையோ பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகள். சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் ஸ்கெட்ச் பேனாக்களை வைத்துவிட்டு ஒதுங்கி நின்று கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆக, பரிசு கெடுப்பதில்லை, ஆசைகாட்டி வேலை வாங்குவதுதான் கெடுக்கிறது.

ஊட்டி மலை ரயில் போகும் குன்னூர் ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு நடுவே பல் பல்லாக ஏன் ஓர் இரும்பு போகிறது என்று சின்ன வயதில் கேட்டாய். அப்பா பதில் சொல்லவில்லை. இன்ஜின் ஓட்டுபவரிடம் கூட்டிப்போய் உன்னையே கேட்கவிட்டார். மலை அடிவாரத்துக் கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டினால் சில இடங்களில் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம், வெறும் சக்கரம் வழுக்கும், இன்ஜினின் பல்சக்கரம் அந்த இரும்பைப் பிடித்து ஏறுகிறது என்று தெரிந்துகொண்டு வந்து எங்களுக்கே பாடம் நடத்தினாய். யாரும் மார்க் போடவில்லை. நீ இன்ஜினியர் ஆகவில்லை, பேங்கில் இருக்கிறாய். ஆனால் புரியாததை விடாமல் கேட்கும் குணம் இன்றும் உன்னிடம் இருக்கிறது. எனக்கு அதில்தான் பெருமை.

அதற்காகக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. அப்போது வாய்ப்பாடு உனக்கும் தினமும் உண்டு, நேரத்தோடு தூக்கமும் உண்டு. ஏன் என்று காரணம் சொன்னோம். வாய்ப்பாடு சொல்வது குளிப்பதற்கு முன்பா, பின்பா என்பதை மட்டும் உன்னிடம் விட்டோம்.

அட்டையைச் சட்டென்று கிழிக்காதே. சொன்ன சைக்கிளை வாங்கிக்கொடு, கொடுத்த வாக்கு அது. அடுத்த அட்டை வேண்டாம். ராத்திரி அவன் படித்த கதையை உனக்குச் சொல்லட்டும், போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கேள். இப்போது எந்தப் புத்தகம் கையில் வைத்திருக்கிறான் என்று எழுது. நானும் வாங்கிப் படிக்கிறேன், அடுத்த முறை பேச எங்களுக்கு விஷயம் இருக்கும்.

அன்புடன்,
அம்மா