'தி' எங்கே வரும்?

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ', 'ஆன்', 'தி' என்னும் ஆர்ட்டிக்கிள்கள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அனுப்பிய கட்டுரையைப் படித்த பிறகு, சிக்கல் நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரியதன்று என்றே தோன்றுகிறது.

'ஏ', 'ஆன்' இரண்டில் எது என்பதற்கு எழுத்தைப் பாராமல் ஒலியைக் கேட்டால் போதும். 'யுனிவர்சிட்டி' ஆங்கில எழுத்தில் உயிரில் தொடங்கினாலும் ஒலிப்பில் யகரத்தில் தொடங்குவதால் 'ஏ' பெறுகிறது, 'எம்.ஏ.' பட்டமோ எகர ஒலியால் 'ஆன்' பெறுகிறது. 'ஒரு', 'ஓர்' வேறுபாட்டைக் கண்டிப்பாகப் பேணும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தடுமாற்றமெல்லாம் 'தி'யில்தான். முன்பே குறிப்பிட்ட பொருளை மீண்டும் சொல்லும்போது 'தி' வரும் என்னும் பள்ளி விதி பாதி உண்மையே. 'க்ளோஸ் தி டோர்' என்பவர் கதவைப் பற்றி அதற்கு முன் பேசியிருக்க வேண்டியதில்லை. எந்தக் கதவு என்பது கேட்பவருக்குத் தெரியும் என்று அவர் கொள்கிறார், அவ்வளவே. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் இடையே நாம் உணரும் வேறுபாடும் ஏறத்தாழ இதுதான். அஃறிணைச் செயப்படுபொருளில் மட்டுமே இந்த ஒப்புமை செல்லும் என்றாலும், ஐயம் வரும்போது 'ஐ' உருபை ஏற்றிப் பார்ப்பது நல்ல சோதனை.

உங்கள் கட்டுரையில் பொதுப்படையாகப் பேசும் இடங்களிலும் 'தி சொசைட்டி', 'தி நேச்சர்' என்றே வருகின்றன. சமுதாயம், இயற்கை என்று பொதுவாகச் சொல்லும்போது அங்கே எதுவும் வேண்டாம். 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' போன்ற எண்ணமுடியாப் பெயர்கள் 'ஏ'யை ஏற்கமாட்டா. ஆனால் குறிப்பிட்ட அறிவுரை என்றால் 'தி' தாராளமாக வரும். நைல் நதிக்கு 'தி' உண்டு, எவரெஸ்ட் சிகரத்துக்கு இல்லை என்பன போன்றவற்றை மனப்பாடம் செய்வதே சுருக்கமான வழி.

ஓரிடத்தை மட்டும் உடனே திருத்திவிடுங்கள். முடிவில் நன்றி கூறும்போது 'ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ் ஹெல்ப்ட் மீ' என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னே 'ஏ' இல்லாததால், உதவியவர் அரிது என்று குறைப்படுவதாக அது பொருள்படுகிறது. உதவிய நண்பர்கள் படித்தால் வருந்துவார்கள். அடுத்த கட்டுரையையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்