எடின்பரோ தோட்டமும் கோயம்புத்தூர்க்காரன் ஒருவனும்

அன்புள்ள கண்ணு,

ஊர் வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. தினமும் போனில் "உங்களை எங்கேயுமே கூட்டிட்டுப் போக முடியலையேப்பா" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாய். நேரில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ நைட் டியூட்டி முடித்து வந்து தூங்கிய பகல்களில் நான் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் ஊர்க்காரர்கள் பொட்டானிக்ஸ் என்கிறார்களே, அந்த ராயல் பொட்டானிக் கார்டனில் இருந்தேன். "கொஞ்சம் நடந்துட்டு வந்தேன்" என்று நான் சொன்ன நாளெல்லாம் அங்கேதான். மொத்தம் பதினோரு தடவை. டிக்கெட்டும் கிடையாது, யாரும் எதுவும் கேட்கவில்லை.

கண்ணாடி வீடுகளைப் பழுதுபார்க்க மூடி வைத்திருந்தார்கள், அதில் எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் வெளியே இருந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் தடவை போனபோது ஒரு தேவதாரு மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றேன். இமயமலை மரம், அந்தத் தோட்டத்திலேயே அதுதான் உயரம், 29 மீட்டர். 1859-இல் நட்டது. பட்டையில் கை வைத்துப் பார்த்தேன், கையுறைக்கு மேலேயே அதன் சொரசொரப்பு தெரிந்தது. அப்புறம் ஜனவரி 24 அன்று அந்தப் புயல் அடித்ததே, நீ வெளியே கால் வைக்கக் கூடாது என்று என்னைப் பூட்டாத குறையாக வைத்திருந்தாயே, அன்றைக்கு அது விழுந்துவிட்டது. தோட்டத்தைச் சில நாள் மூடியிருந்தார்கள். திறந்த பிறகு போனேன், பக்கத்தில் விடவில்லை, கயிறு கட்டியிருந்தார்கள். தூரத்தில் நின்று பார்த்தேன், வேர் மண்ணோடு பெயர்ந்து ஒரு சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லவில்லை, நீ அப்போதுதான் எழுந்து டீ போட்டுக்கொண்டிருந்தாய். நூற்றறுபது வருடத்துக்கு மேல் நின்ற மரத்தை அது நின்ற கடைசி வாரங்களில் ஒருநாள் தொட்டிருக்கிறேன் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். ரொம்பக் குளிரான ஒரு காலை, பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு என்று போன் காட்டியது. ரோடோடென்ட்ரான் செடிகளைப் பார்த்துப் பதறிவிட்டேன். இலை ஒவ்வொன்றும் நீளவாக்கில் சுருட்டு மாதிரி சுருண்டு, காம்பிலிருந்து நேர் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் விடாமல் காயப்போட்டுவிட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சுற்றிவிட்டு மதியம் அதே வழியாக வந்தால், கொஞ்சம் வெயில் ஏறியிருந்தது, அதே செடியின் இலைகள் பாதி விரிந்து மேலே எழும்பியிருந்தன. உறைந்த இலைமேல் காலை வெயில் நேராக விழுந்தால் இலை கெட்டுவிடும், அதற்காகத்தான் சுருட்டிக் கவிழ்த்துக்கொள்கிறது என்கிறார்கள். முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியிருக்கிறேன், இதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். இந்தக் குடும்பத்துச் செடி நம் நீலகிரியிலும் உண்டு, காட்டுப்பூவரசு. நீ ஏழாவது படிக்கும்போது தொட்டபெட்டாவில் அந்தச் சிவப்புப் பூவைப் பறித்துத் தரச் சொல்லி அடம்பிடித்தாய், ஞாபகம் இருக்கிறதா?

சரி, நான் எழுத உட்கார்ந்ததே வேறொன்றைச் சொல்லத்தான்.

ராபர்ட் வைட் என்ற பெயர் எனக்குப் பாடத்திலிருந்தே தெரியும். நம் பக்கத்துச் செடிகள் பலவற்றின் லத்தீன் பெயருக்குப் பின்னால் அவர் பெயர் ஒட்டியிருக்கும். அந்தத் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து போனில் தேடிப் படித்தபோதுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. எடின்பரோவில் டாக்டருக்குப் படித்துவிட்டு 1819-இல் மதராஸுக்கு வந்தவர். 1842-லிருந்து 1853 வரை இருந்தது எங்கே தெரியுமா? நம் கோயம்புத்தூரில். கிழக்கிந்தியக் கம்பெனியார் அமெரிக்கப் பருத்தியை இங்கே விளைவித்துப் பார்த்தார்கள், அதற்குப் பொறுப்பாளர் அவர். அந்த வேலையோடு வேலையாக ஆறு தொகுதிகள், 2101 படங்கள் கொண்ட தாவர நூலை முடித்தார். அந்தப் படங்களில் பலவற்றை வரைந்தவர்கள் இரண்டு பேர், ரங்கையா, கோவிந்து. நம் தென்னாட்டு ஓவியர்கள். படத்தின் அடியில் பொடி எழுத்தில் அவர்கள் பெயர் அச்சாகியிருக்கிறது, அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். வைட் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை வேறொரு இனத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை. அவர்கள் கையால் வரைந்த மூலப் படங்கள் நூற்றுக்கணக்கில் அந்தத் தோட்டத்து நூலகத்தில்தான் இருக்கின்றன. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து எட்டி நடந்தால் ஐந்து நிமிடம்.

எனக்கு அன்றைக்கு மனசு ஆறவில்லை கண்ணு. அதே கோயம்புத்தூரில் எத்தனை பிள்ளைகளுக்குச் சூலகத்தையும் மகரந்தத்தையும் போர்டில் வரைந்து காட்டியிருப்பேன். ஒரு வகுப்பில்கூட ரங்கையா, கோவிந்து என்று வாயால் சொன்னதில்லை, தெரியாது. நூலக வாசல் வரை இரண்டு தடவை போனேன். என் இங்கிலீஷில் என்னவென்று கேட்பது, முன்கூட்டிச் சொல்லாமல் வந்தவனுக்கு அதையெல்லாம் எடுத்துக் காட்டுவார்களா என்று யோசித்துத் திரும்பிவிட்டேன். உன்னைக் கேட்டிருக்கலாம், நீ அந்த வாரம் முழுக்கக் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தாய்.

அதனால் ஒரு உதவி செய். அடுத்த வருடம் வரும்போது எனக்காக முன்கூட்டியே அவர்களுக்கு எழுதி அனுமதி வாங்கி வை. கோயம்புத்தூரிலிருந்து ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் வருகிறார், ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்த படங்களைப் பார்க்க வேண்டுமாம் என்று எழுது. தேதி அவர்கள் சொல்கிறபடி. கோவிந்துவின் ஆர்க்கிட் படம் இருந்தால் அதை முதலில் கேள்.

அதுவரை நீயும் ஒரு நாள் போய் வா. குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் பூட்டிவிடுகிறார்கள், அதனால் தூங்கி எழுந்து சாவகாசமாகப் போகலாம் என்று நினைக்காதே. டியூட்டி முடிந்து வருகிற வழியில் காலையிலேயே எட்டிப் பார். தோட்டத்துக்குள் இருக்கிற இன்வர்லீத் ஹவுஸ் முன்னால் நின்றால் கோட்டை வரைக்கும் ஊர் முழுக்கத் தெரியும், அங்கே ஒரு பெஞ்ச் இருக்கிறது. என் பழுப்பு மஃப்ளரை உன் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், அதைக் கட்டிக்கொண்டு போ. அம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பார்சல் போடுகிறேன்.

அப்பா