ஜார்க்கண்ட் மாநிலம் துமகாவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். விடுதிப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். "நான் இசை படித்தவளா, ஸ்கூல் பேண்டில் ஊதினவள்தானே" என்று கேட்டாயாம். போனில் பேசினால் எனக்குக் கோர்வையாக வராது, அதனால் எழுதுகிறேன்.

மக்களே, நீ ஊதினது மூன்றாவது கார்னெட், டிரம்பெட் மாதிரி இருக்கிற அந்தப் பித்தளைக் குழலில் பின்வரிசைப் பங்கு. மெட்டு முழுக்க முன்வரிசைக்காரர்களுக்கு. உனக்கு நாலு பார் (தாளக் கட்டம்) ஓய்வு, அப்புறம் ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்கிற வேலை. அதற்காக எத்தனை அழுகை! ஆனால் ஓய்வை எண்ணிக்கொண்டே அடுத்தவர் ஊதுவதைக் காதில் வாங்கப் பழகியது அங்கேதான். ஜனங்களைப் பாட வைக்கிறவருக்கு அதுதான் முதலில் வேண்டும். நம் கன்வென்ஷன் கூட்ட மேடைகளைப் பார்க்கிறாயே, ஸ்பீக்கர் சத்தத்தில் பந்தலில் இருப்பவர்கள் பாடுகிறார்களா இல்லையா என்றே தெரிவதில்லை.

படித்தவர்கள்தான் ஊழியத்துக்கு வாசிக்க வேண்டும் என்றால் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ சபைக்கு பேண்டே வந்திருக்காது. 1878-இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் தெருவில் பிரசங்கித்தவர்களை ரவுடிகள் அடித்தார்கள். சார்லஸ் ஃப்ரை என்ற கட்டட வேலைக்காரரும் அவருடைய மூன்று பையன்களும் காவலுக்குப் போனார்கள். போகும்போது இரண்டு கார்னெட், ஒரு டிராம்போன், ஒரு சின்ன டியூபாவையும் எடுத்துக்கொண்டார்கள். சேனையின் பேண்ட் அப்படித்தான் பிறந்தது. நாகர்கோவிலில் நான் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதினதற்கும் மூலம் அதுதான்.

அங்கே ஸ்வரம் பிடிக்கத் திணறுகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். உன் கார்னெட் பி ஃபிளாட், அதில் சி என்று ஊதினால் கேட்பது பி ஃபிளாட். கீபோர்டில் சி என்றால் நீ டி ஊத வேண்டும், அது உனக்கு மனப்பாடம். பாட்டை எடுத்துக்கொடுக்கிறவர் எந்தச் சுதியில் தொடங்கினாலும் அதே கணக்குதான். அவரை உன் சுதிக்கு இழுக்காதே, நீ அவர் சுதிக்குப் போ.

இன்னொன்று, இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். பேண்டில் படித்ததில் ஒன்றை மட்டும் அங்கே கொண்டுபோகாதே: எல்லாரும் ஒரே காலெடுத்து வைக்கும் அந்த மார்ச் தாளம். அங்கே இருக்கும் சந்தால் பழங்குடி ஜனங்களுக்குத் துமடாக், தமாக் என்று சொந்த மேளங்கள் இருக்கின்றன, திரியோ என்ற புல்லாங்குழல் இருக்கிறது. நீ இருக்கும் பக்கத்தில்தான் பெனகாரியா என்ற ஊர். 1867-இல் ஸ்க்ரெஃப்ஸ்ருட் என்ற நார்வேக்காரரும் பொர்ரெசன் என்ற டென்மார்க்காரரும் அங்கே ஊழியம் தொடங்கினார்கள். ஸ்க்ரெஃப்ஸ்ருட் சந்தாலி இலக்கணமே எழுதினவர், அவர்களுடைய மெட்டிலேயே கீர்த்தனைகளும் செய்தார். ஐரோப்பாவிலிருந்து வந்தவரே அப்படி இருந்திருக்கிறார். கன்னியாகுமரியிலிருந்து போன நீ நம் பாமாலைப் பாட்டுகளை அங்கே இந்தியில் மாற்றிப் பாட வைக்கலாமா? முதல் சில மாதம் மேளக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து கேள். மூன்றாவது கார்னெட்டுக்கு அது புதிதில்லையே.

கார்னெட்டுக்கு வால்வ் ஆயில் இரண்டு பாட்டில் பார்சலில் வருகிறது. தீர்ந்துபோனால் தேங்காயெண்ணெய் விட்டுவிடாதே, அந்தக் குளிரில் உறைந்து வால்வ் சிக்கிக்கொள்ளும். உதடு வெடித்தால் ஊதாமல் இரு. அம்மா அச்சுமுறுக்கும் வைத்திருக்கிறாள், பிள்ளைகளுக்கும் கொடு. திரியோ ஊதுகிற யாராவது கிடைத்தால் போனில் பதிவு செய்து அனுப்பு, எனக்குக் கேட்க வேண்டும்.

அப்பா