ஷென்டன் வேயில வேலை பாக்குற மகளுக்கு

பாப்பா,

புது ஆபீஸ் சிங்கப்பூர்ல ஷென்டன் வேங்கிற தெருவுலனு சொன்ன, ரொம்ப சந்தோஷம்மா. யாருப்பா அந்த ஷென்டன்னு கேட்டியே, போன்ல ஆரம்பிச்சா நீ மீட்டிங்னு வச்சிருவ, அதான் எழுதுறேன்.

ஷென்டன் தாமஸ் 1934லேர்ந்து இங்க பிரிட்டிஷ் கவர்னரா இருந்தவரு. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா நேரா அவர் கையில, மலாய் ஸ்டேட்டுங்களுக்கு ஹை கமிஷனரும் அவர்தான், ஆனா ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் தனி சுல்தான் தனி கவர்மெண்ட், ஒரு விஷயம் முடிக்க எத்தனை கதவு தட்டணும் பாரு. 1939ல ஐரோப்பாவுல சண்டை வந்ததும் லண்டனுக்கு வேண்டியது ரப்பரும் ஈயமும்தான், அத வித்து டாலர் சேக்கணும். தோட்டத்துல பால் வெட்டுற ஆள எடுத்தா ரப்பர் குறையும், எடுக்கலனா அரண் கட்ட ஆள் இல்ல. இது நெஜமாவே கஷ்டமான நிலைமை, அதுக்கு அவர நான் குத்தம் சொல்லல.

ஆனா 1941ல கிள்ளான் தோட்டங்கள்ல நம்ம ஜனங்க ஸ்டிரைக் பண்ணாங்க. கூலி கூட்டிக் கேட்டாங்க, வெள்ளக்கார தொரை எதுக்க வந்தா சைக்கிள விட்டு எறங்கணும்ங்கிற வழக்கத்த நிறுத்தச் சொன்னாங்க, அவ்ளோதான். அதுக்கு பட்டாளம் வந்துச்சு, துப்பாக்கிச் சூட்டுல உயிர் போச்சு, ஸ்டிரைக்குக்குத் தலைமை தாங்கின ஆர்.எச். நாதன இந்தியாவுக்கு நாடு கடத்திட்டாங்க. இத நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

அதே வருஷம் டிசம்பர் 8 ஜப்பான்காரன் மலாயாவோட வடகிழக்குக் கரையில, கோத்தா பாருல எறங்கினான். 11ஆம் தேதி நம்ம பினாங்கு ஜார்ஜ் டவுன்ல குண்டு, விமானத்த சுட ஒரு பீரங்கி கூட கெடையாது, ஜனங்க தெருவுல நின்னு அண்ணாந்து பாத்துட்டு இருந்தவங்க அப்படியே செத்தாங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு ராத்திரியோட ராத்திரியா வெள்ளக்காரங்கள மட்டும் கப்பலேத்திட்டாங்க, ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லல. அப்புறம் சிங்கப்பூர்ல இருந்த பிரிட்டிஷ் மந்திரி டஃப் கூப்பர் ரேடியோவுல ஜனங்கள்ல பெரும்பாலானவங்கள பத்திரமா கொண்டு வந்தாச்சுங்கிற மாதிரி பேசினாரு, அப்போ இங்க கெடந்த நாமெல்லாம் ஜனமே இல்லயா?

தாமஸுக்கே அது பிடிக்கல, இனி இனம் பாத்து ஆள வெளியேத்தக் கூடாதுன்னாரு. கடைசி வரைக்கும் சிங்கப்பூர விட்டுப் போகாம, பொண்டாட்டியோட கைதியாவும் போனாரு. அந்த மரியாதைய நான் கொடுக்கிறேன். ஆனா பினாங்குக்கு அது லேட்டு.

இங்க கார்ன்வாலிஸ் கோட்டையில பிரிட்டிஷ் கொடிய எறக்கினது யாரு தெரியுமா? சரவணமுத்து, யாழ்ப்பாணத் தமிழர், ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ பேப்பர் எடிட்டர். இனி குண்டு விழக் கூடாதுனு வெள்ளக்கொடி ஏத்தி, சீனர் மலாய்க்காரர் இந்தியர்னு எல்லாரையும் சேத்து கமிட்டி போட்டு ஊர கட்டிக் காத்தாரு, 19ஆம் தேதி ஜப்பான்காரன் உள்ள வர்ற வரைக்கும் இங்க கவர்மெண்ட்னா அந்த கமிட்டிதான்.

லீவு கெடச்சா பேரனையும் கூட்டிட்டு வாம்மா, கோட்டைக்கு நானே கூட்டிட்டு போயி காட்டுறேன். நேரத்துக்கு சாப்பிடு.

அப்பா