தலைமையாசிரியர் கடிதம்: மரப்படிக்கு மேலே இருக்கும் அந்தக் கதவு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்குகிறது. இந்தப் பருவத்தில் நம் மாணவிகள் கோ-கோவிலும் பேச்சுப் போட்டியிலும் பரிசு வாங்கி வந்தார்கள். கலைவிழா நன்றாக நடந்தது. மழை வாரங்களிலும் பாடங்கள் பெரிதாகத் தடைபடவில்லை. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு ஜனவரியிலிருந்து மாலையில் சிறப்பு வகுப்பு உண்டு. உழைத்த அனைவருக்கும் என் பாராட்டு.

சரி, இப்போது நான் முக்கியமாகப் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய கட்டிடத்தைப் பற்றி ஒரு வீடியோ பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் மூன்று பேர் மதிய உணவு இடைவேளையில், அடைத்து வைத்திருந்த மரப்படி வழியாக மேல்தளத்துக்குப் போய் அதை எடுத்திருக்கிறார்கள். செங்கல் வைத்து அடைத்த ஒரு கதவைக் காட்டி, அதற்குப் பின்னால் சுரங்கம் இருப்பதாகவும், ஒரு கன்னியாஸ்திரியை உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பிவிட்டதாகவும் அதில் சொல்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இதே பள்ளியில் படித்தவள் நான். என் வகுப்பிலும் இந்தக் கதை உண்டு. ராத்திரியில் மணிச்சத்தம் கேட்கும் என்று விடுதிப் பிள்ளைகள் சொல்லி எங்களைப் பயமுறுத்துவார்கள்.

ஆனால் உண்மையில் நடந்தது அந்தக் கதையைவிடப் பெரியது. அதை உங்களுக்கு இதுவரை சொல்லாமல் இருந்தது எங்கள் தவறு.

நம் பள்ளியைத் தொடங்கிய கன்னியாஸ்திரிகளின் சபைக்குத் தொடக்கமே ஒளிந்து நடந்த பள்ளிக்கூடங்களில்தான் இருக்கிறது. அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்துவதை 1695-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. நானோ நாகிள் என்ற பெண் 1718-இல் அங்கே பிறந்தவர். வசதியான குடும்பம், பிரான்சில் படிப்பு. அவர் 1750-களில் கார்க் நகரத்துச் சந்து ஒன்றில், ஏழைப் பெண் குழந்தைகளுக்காக ரகசியமாக ஒரு பள்ளி தொடங்கினார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் ஓர் ஏழை அவருடைய தம்பியிடம் வந்து, உங்கள் அக்கா நடத்தும் பள்ளியில் என் குழந்தையைச் சேர்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டபோதுதான் குடும்பத்துக்கே விஷயம் தெரிந்ததாம். இதை அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இருட்டிய பிறகு கையில் விளக்கோடு சந்து சந்தாக நடந்து நோயாளிகளைப் பார்த்தவர் அவர். 1775-இல் தொடங்கிய அவருடைய சபைதான் பிற்பாடு பிரசன்டேஷன் சபை ஆனது. அந்தச் சபையின் சகோதரிகள் 1842-இல் மதராசுக்கு வந்து, அன்று கருப்பர் நகரம் என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனில் பணியைத் தொடங்கினார்கள். அப்போது சூயஸ் கால்வாய் இல்லை, அது 1869-இல்தான் திறந்தது. கிளம்பி வந்த பெண்கள் இனி ஊர் திரும்புவோம் என்ற எண்ணத்தில் வந்திருக்க மாட்டார்கள்.

இப்போது அந்தக் கதவுக்கு வருகிறேன். நானோ நாகிள் தெருத்தெருவாக நடந்தவர். தன்னோடு இருப்பவர்களும் அப்படியே நடக்க வேண்டும் என்று விரும்பியவர். ஆனால் அவர் இறந்து 21 ஆண்டுகள் கழித்து, 1805-இல், ரோமில் இருக்கும் போப்பாண்டவர் இந்தச் சபையை அடைபட்ட மடமாக ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு சேர்ந்த சகோதரிகள் மடத்தின் மதிலைத் தாண்டக் கூடாது. இது எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருகிற விஷயம். அதனால்தான் நம் மதில் அவ்வளவு உயரம். மடத்திலிருந்து வகுப்பறைகளுக்கும் சிற்றாலயத்துக்கும் வெளியாட்கள் கண்ணில் படாமல் போய்வர மேல்தளத்தில் ஒரு மூடிய நடைபாதை கட்டினார்கள். வீடியோவில் சுரங்கம் என்று சொல்லப்படுவது அந்த நடைபாதையைத்தான். கத்தோலிக்க ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்தபின் இந்த அடைப்பு முறை தளர்ந்தது, சகோதரிகள் வெளியே நடமாடத் தொடங்கினார்கள், நடைபாதைக்கு வேலை இல்லாமல் போனது. கதவை அடைத்தார்கள். அதைச் சுவரே சொல்லும். சுற்றிலும் இருப்பது மெல்லிய பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்து. கதவை அடைத்த இடத்தில் மட்டும் பெரிய செங்கல், சிமென்ட். போன வருடம் ஓட்டு வேலைக்கு வந்த கொத்தனார்தான் எனக்கு இதைத் தொட்டுக் காட்டினார்.

அந்தச் சுவருக்குள் யாரும் இல்லை. அந்தப் பாதையில் தினமும் விடியற்காலையில் நடந்த பெண்கள் நம் கல்லறைத் தோட்டத்தில், சிறிய சிலுவைகளுக்குக் கீழே இருக்கிறார்கள். உங்கள் பாட்டிமார் பலருக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களைப் பேயாகக் காட்டிச் சிரிப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இனி கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மேல்தளத்து மரப்பலகை ஒன்று உடைந்து, ஒரு மாணவியின் கால் முழங்கால்வரை உள்ளே போயிருக்கிறது. சிராய்ப்போடு தப்பியது கடவுள் புண்ணியம். அந்தத் தளம் தேக்கு உத்தரங்களின் மேல் நிற்கிறது. சில உத்தரங்களில் கரையான் ஏறியிருப்பதால்தான் படியை அடைத்தோம். வீடியோ பரவிய பிறகு, மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெரியவர்களே தடுப்பை நகர்த்தி மேலே ஏறியிருக்கிறார்கள். வராந்தாத் தூண்களில் பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு அது. ஒரு கீறல் விழுந்தால் மழைத்தண்ணீர் இறங்கும். மேலே சிமென்ட் பூசி மறைக்கவும் முடியாது, ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் பெயர்ந்துவிடும். இந்த வேலை தெரிந்த ஆட்கள் கிடைப்பதும் இப்போது அரிது.

எனவே மாலையில் வாசலிலேயே காத்திருங்கள். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்ற விதி எல்லோருக்கும் பொருந்தும். பிடிபட்டால், பெற்றோர் நேரில் வந்து கேட்கும்வரை அது அலுவலகத்தில் இருக்கும். அந்த வீடியோவை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே அழித்துவிடுங்கள். அதில் அந்தப் பிள்ளைகளின் முகங்கள் தெரிகின்றன. கீழே எழுதப்பட்ட சில கருத்துகளைப் படித்துவிட்டு அதில் ஒரு பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூவருக்கும் கொடுக்க வேண்டிய அறிவுரையைக் கொடுத்தாகிவிட்டது. இதற்கு மேல் யாரும் அவர்களிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

இந்த வாரம் முழுவதும் பொறுமையோடு நடந்துகொண்ட அந்த மூன்று குடும்பங்களுக்கும் என் நன்றி. குழுவில் பேச்சு எல்லை மீறியபோது, போதும் என்று முதலில் எழுதிய அந்தத் தாய்க்கும் நன்றி. தூண்களைச் சுத்தம் செய்ய வருகிறேன் என்று தானாக வந்து நின்ற அப்பாக்களுக்கும்தான். இப்போதைக்கு அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பதால் திருப்பி அனுப்பினேன், வருத்தப்பட வேண்டாம்.

பள்ளி திறந்த பிறகு வரும் முதல் சனிக்கிழமை, காலை 10 மணிக்குப் பழைய கட்டிடத்தின் கீழ்த்தளத்தையும் சிற்றாலயத்தையும் நானே உங்களுக்குச் சுற்றிக் காட்டுகிறேன். அடைத்த கதவின் மறுபக்கத்தைச் சிற்றாலயத்தின் மாடத்திலிருந்து பார்க்கலாம், அந்தப் பக்கம் தளம் உறுதியாக இருக்கிறது. இங்கே படித்த பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால் கட்டாயம் அழைத்து வாருங்கள். நடைபாதை திறந்திருந்த காலத்துப் புகைப்படம் ஒன்றுகூடப் பள்ளியில் இல்லை. உங்கள் பழைய ஆல்பத்தில் அப்படி ஏதாவது இருந்தால் அலுவலகத்தில் கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை